வேலாயுத ஆசாரிக்கு நேர்ந்த மரியாதை

மணலேரிப்பேட்டையில் கொல்லர்களைக் கௌரவிப்பது என்று கைத்தொழில் மாட்சிமைச் சபை தீர்மானித்தபோது, ஊரின் ஒரே கொல்லரான வேலாயுத ஆசாரி அதை அறியாமல் ஒரு கடப்பாரைக்கு முனை வைத்துக்கொண்டிருந்தார். அறிந்திருந்தால் உலையை அணைத்துவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஒடுகத்தூரில் மச்சான் வீட்டுக்குப் போயிருப்பார். கௌரவம் ஊரைக் கடந்து போகிறவரை திரும்பியிருக்க மாட்டார். காலரா வந்த வருஷம் அப்படித்தான் தப்பித்தார்.

சபை பிறந்த விதம் இது. பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் கலெக்டர் துரை காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தம் சொந்த ஊர்ச் சந்தையில் ஒரு கொல்லனுக்குச் சிலை இருப்பதாகச் சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்தது மழையைப் பற்றி. சின்ன வயதில் அந்தச் சிலையடியில் ஒதுங்கியும் நனைந்துவிட்டாராம். பக்கத்தில் நின்றிருந்த வக்கீல் திருவேங்கடமோ, ராவ் சாகிப் பட்டம் எந்தத் திசையிலிருந்து வரும் என்று பல வருஷமாகக் காது கொடுத்துக் காத்திருந்தவர். துரையின் மோட்டார் வேலூர் போய்ச் சேருமுன் இங்கே சபை பிறந்துவிட்டது. திருவேங்கடம் தலைவர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் தேவசகாயம் காரியதரிசி. கையால் தொழில் செய்கிறவர் எவரும் சபையில் அங்கத்தினர் ஆகக்கூடாது என்பது முதல் விதி. அப்படி ஆனால், அவர்கள் தங்களையே கௌரவித்துக்கொண்டதாக ஆகிவிடும். அது தற்பெருமை என்று தேவசகாயம் விளக்கினார்.

தலைவரும் காரியதரிசியும் சென்னையிலிருந்து தருவித்த சிற்பியும் மூக்கில் கைக்குட்டையோடு பட்டறைக்கு வந்தபோது வேலை நடந்துகொண்டிருந்தது. பழுத்த இரும்பை ஆசாரி குறட்டால் பிடித்து அடைகல்லின் மேல் வைத்திருந்தார். அடைகல் என்பது பெரிய இரும்புக் கட்டி. அடியெல்லாம் அதன் தலையில்தான் விழும். எதிரே அவர் மனைவி அமிர்தவள்ளி சம்மட்டியோடு நின்றாள். ஆசாரி சின்னச் சுத்தியலால் ‘டிக்’ என்று ஒரு தட்டுத் தட்டுவார். அடுத்த கணம் அவள் சம்மட்டி ‘டங்’ என்று இறங்கும். பட்டறை இரைச்சலில் வாயால் சொல்லிப் பயனில்லை. கல்யாணமான நாள் முதல் அவர் தட்டுவார், அவள் அடிப்பாள். காதுக்கும் கைக்கும் நடுவே யோசனை என்ற ஒன்றை அவள் வைத்துக்கொண்டதில்லை.

“ஆசாரி, உனக்குச் சிலை வைக்கப் போகிறோம்” என்றார் தலைவர்.

ஆசாரி சுத்தியலைக் கீழே வைத்தார். “நான் இன்னா சாமி தப்பு பண்ணேன்?”

“தப்பா! இது மரியாதை அப்பா.”

“உயிரோடதானே இருக்கேன் சாமி.”

“அதனால் பரவாயில்லை” என்று தேவசகாயம் பெருந்தன்மையாகச் சொன்னார்.

சிற்பி ஆசாரியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். மார்பு போதவில்லை. முதுகு கொஞ்சம் கூன். புகையில் ஒரு கண் சுருங்கியிருந்தது. முன்கையெல்லாம் பொறி விழுந்த தழும்பு. “இந்த ஆள் கொல்லன் மாதிரி இல்லையே” என்றார் சிற்பி. “ஜனங்கள் ஏமாந்துபோவார்கள்.”

தலைவருக்கு ஒரு மைத்துனர் இருந்தார். சுத்தியலுக்கும் அவருக்கும் ஜென்மத்தில் சம்பந்தமில்லை. ஆனால் காலையில் கர்லாக்கட்டை சுழற்றி மத்தியானம் தூங்குவார். மார்பு அகலம், மீசை அதைவிட அகலம். பார்த்ததும் சிற்பி, “இவரல்லவா கொல்லர்!” என்று கூவிவிட்டார். மைத்துனர் வெட்கப்பட்டுச் சம்மதித்தார்.

“நானும்தானே சம்மட்டி அடிக்கறேன். நான் எங்க வர்றேன் சிலையில?” என்று அமிர்தவள்ளி கேட்டாள்.

“சிலையில் பெண்பிள்ளை இருந்தால் உழைப்பின் கம்பீரம் குறையும் அம்மா” என்றார் சிற்பி.

“அப்ப அடி?”

“அவர் ஓங்கியபடி நிற்பார், அடிக்க மாட்டார். ஆகவே உனக்கு வேலையில்லை” என்றார் தேவசகாயம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இத்தோடு விட்டிருந்தால் ஆசாரிக்கு ஒரு குறையும் வந்திராது. வைக்கோலும் சாந்துமாக மைத்துனர் நன்றாகவே உருவாகி, வெண்கலப் பூச்சில் மினுமினுத்தார். ஆனால் சிற்பி செய்த சாந்து அடைகல்லைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒரே குரலில், “இந்த எருமைத்தலை எதுக்கு?” என்றார்கள். தலைவர் யோசித்தார். “கலையில் உண்மை வேண்டும். உண்மையான அடைகல்லையே வைத்துவிடுவோம்” என்றார்.

மறுநாள் மேளதாளத்தோடு ஒரு மாட்டுவண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. ஆசாரியின் அடைகல்லுக்குச் சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், சாமந்தி மாலை போட்டார்கள். கூலிக்காரர்கள் முக்கி முனகி அதை வண்டியில் ஏற்றினார்கள். ஆசாரிக்கும் ஒரு மாலை விழுந்தது. மாலையைக் கழற்றுவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

“சாமி, அது இல்லாட்டி நான் எதுல வச்சி அடிக்கறது?” என்று பின்னாலேயே ஓடினார்.

“வேலாயுதம்!” தலைவர் வண்டியை நிறுத்தாமலே சொன்னார். “இன்று முதல் உன் அடைகல் அழியாப் புகழ் பெறுகிறது. நீ வேலையைப் பற்றிப் பேசுகிறாயே!”

அழியாப் புகழில் அப்துல் வஹாப் சாயபுவின் கத்திகளைத் தட்ட முடியாது. அதுதான் இடைஞ்சல். ஆற்றோரத் தோல்மண்டிகளில் பெரியது சாயபுவுடையது. அங்கே சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை மரத்தின் மேல் விரித்து, இருபக்கமும் பிடி போட்ட வளைந்த கத்தியால் மயிரையும் சதையையும் சீவுவார்கள். கத்தி மழுங்கினால் தோல் குழியிலேயே கிடக்கும். கிடந்தால் சுண்ணாம்பு அதைத் தின்றுவிடும். ஆசாரி உலை வருஷம் முழுக்க எரிந்தது அந்தக் கத்திகளால்தான்.

கருங்கல்லில் வைத்து அடித்துப் பார்த்தார், கல் பிளந்தது. தண்டவாளத் துண்டு கேட்டு ரயில் நிலையத்துக்குப் போனார். போலீஸைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். சாயபுவே நேரில் வந்துவிட்டார்.

“இன்னா ஆசாரி, பெரிய பேஜாரா இருக்குதே! குழியில ஆட்டுத்தோல் கூழாப் பூடும்போல இருக்குது. கத்தி எங்க?”

“அடைகல்லுக்கு மாலை போட்டு இட்டுக்கினு போய்ட்டாங்க சாயபு.”

“எனக்கும் ஒரு மாலை அனுப்பினாங்க, சபைக்குச் சந்தா கேட்டு. மாலையால தோல் சீவ முடியுமா? நீ நம்ம தோஸ்துதான், இல்லேங்கல. ஆனா வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போறதுக்குள்ள கத்தி கைக்கு வரணும். வரலேன்னா பேரணாம்பட்டு ஆசாரியை வச்சிக்குவேன். அப்புறம் அவனை விட்டுட்டு உங்கிட்ட வரமுடியாது, இப்பவே சொல்லிட்டேன்.”

ஆசாரி காரியதரிசியிடம் ஓடினார். “ஒரு நாளைக்குக் குடுங்க சாமி. வேலைய முடிச்சிட்டு நானே தோள்ல தூக்கியாந்து வச்சிடறேன்.”

தேவசகாயம் வருத்தத்தோடு கண்ணாடியைத் துடைத்தார். “கேள், வேலாயுதம். அது இப்போது சிலையின் அங்கம். சிலையைத் தொடுவது கொல்லர்களை அவமதிப்பதாகும். சபை அதை ஒருநாளும் பொறுக்காது. கொல்லர்களை ஒரு கொல்லனே அவமதித்தால் எங்கள் மனம் என்ன பாடுபடும்?”

“அப்ப திறப்பு விழா என்னைக்கு சாமி?”

“வெள்ளிக்கிழமை. துரை வருகிறார். நீ வராதே. வெள்ளை உடுப்பு உள்ளவர்களுக்குத்தான் இடம். கொல்லர்களின் பிரதிநிதியாக முன்வரிசையில் உட்கார ஒருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.”

“யாரு சாமி?”

“தலைவரின் மைத்துனர்.”

வீட்டுக்கு வந்து ஆசாரி சோறு தின்னாமல் உட்கார்ந்தார். அமிர்தவள்ளி மழுங்கின கத்திகளைச் சாக்கில் சுற்றிக் கட்டினாள்.

“எங்கமே கட்டற? பேரணாம்பட்டுக்கா?”

“கடைத்தெருவுக்கு. சிலை மேடையைச் சுத்தி மூங்கில் நட்டு ஆள் உசரத்துக்கு மேல துணி கட்டிக்கிறாங்கல்ல? மேல மட்டும் திறந்து கெடக்குது, புகை போவறதுக்கே பண்ணாப்ல. வெள்ளிக்கிழமை துணிய இழுக்கறவரைக்கும் உள்ள இன்னா நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? அடைகல்லைத் தூக்கியாற முடியாது. நாம அங்க போலாமில்ல?”

“மாட்டிக்கினா?”

“மாட்டிக்கினா இன்னா பண்ணுவாங்க? இன்னொரு மாலை போடுவாங்களா?”

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் இருவரும் கரிச்சட்டி, கைத்துருத்தி, தண்ணீர்ச் சட்டி, சம்மட்டி, சாக்கு சகிதம் கடைத்தெருச் சந்திக்கு வந்தார்கள். சபை நியமித்த காவலாளி தூணில் சாய்ந்திருந்தான். “பூஜை சாமானா?” என்றான். “ஆமா” என்றாள் அமிர்தவள்ளி. துணியைத் தூக்கிவிட்டு அவனே வழி கொடுத்தான்.

உள்ளே மைத்துனர் வெண்கல நிறத்தில் சுத்தியலை ஓங்கியபடி நின்றார். அவருக்கு முன்னால் அடைகல், வாடிய மாலையோடு. ஆசாரி அதன் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு கரியை மூட்டினார். புகை மேலே எழுந்தபோது தேவசகாயம் வெளியே யாரிடமோ, “சாம்பிராணி போடுகிறார்கள்; சம்பிரதாயத்தை விடக்கூடாது” என்று சொல்வது கேட்டது.

வேலூரிலிருந்து வந்த பாண்டுக்காரர்கள் வாசித்துப் பழக ஆரம்பித்தார்கள். பெரிய மேளக்காரன் அடிக்கும்போதெல்லாம் அமிர்தவள்ளியும் அடித்தாள். தாளம் தப்பாத மனுஷன் என்று அவனைப் பற்றி இன்றைக்கும் சொல்லுவாள்.

முதல் அடியில் சாந்து மைத்துனரின் மீசை விழுந்தது. அடைகல்லும் அவரும் ஒரே பலகையின் மேல் இருந்ததால் அதிர்ச்சி நேரே அவருக்குத்தான் போயிற்று. அடுத்த அடியில் சுத்தியல் ஓங்கிய கை. அதற்கும் அடுத்ததில் தோளும் மார்பும் தலையும் பொலபொலவென்று சரிந்து, பலகையின் மேல் ஒரு குப்பை வைக்கோலாய்க் கிடந்தது. கொல்லருக்கு வைத்த சிலைக்குக் கொல்லவேலை ஆகவில்லை.

“அய்யய்யோ!” என்றார் ஆசாரி.

“அப்புறமா அழுதுக்கலாம். இரும்பு பழுத்துடுச்சி, எடுய்யா.”

கத்தி ஒவ்வொன்றாக விளிம்பு ஏறியது. கடைசிக் கத்தி பழுத்து அடைகல்லுக்கு வந்தது. ஆசாரி மைத்துனரின் தலைமேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சுத்தியலை ஓங்கினார். அமிர்தவள்ளி சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினாள். பாண்டு சட்டென்று நின்றது. கைதட்டல் கேட்டது. துரைகள் எதற்கும் தாமதமாக வருவதில்லை என்று சபை அறியும். முன்கூட்டியே வந்துவிடுவார்கள் என்று அறியாது. கயிற்றை இழுத்தார்கள். துணி விழுந்தது.

ஊரே எதிரில் உட்கார்ந்திருந்தது. ஆசாரி அப்படியே நின்றார். பயத்தில் கை இறங்கவில்லை. அமிர்தவள்ளியும் நின்றாள்.

தலைவரின் முகம் சுண்ணாம்பாயிற்று. முன்வரிசையில், தன்னைப் பார்க்கத் தன் குடும்பத்தையே கூட்டி வந்திருந்த மைத்துனர், தன்னுடைய மூக்கு ஆசாரியின் குதிகாலுக்கடியில் இருப்பதைக் கண்டு வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் துரை எழுந்துவிட்டார்.

“பிரமாதம்!” என்றார் துரை, தமக்குத் தெரிந்த தமிழில். “உயிர் இருக்குது. பாருங்க, வேர்வைகூட இருக்குது!”

உண்மையைச் சொல்ல அது நேரமில்லை என்பதைச் சபை முழுதும் ஏககாலத்தில் உணர்ந்தது. சிற்பி எழுந்து, வேர்வைதான் தமக்கு மிகவும் சிரமம் கொடுத்தது என்று சொல்லிக் கும்பிட்டார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார்.

“கனம் பொருந்திய துரை அவர்களே, மகாஜனங்களே! உழைப்பாளி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இச்சிலை ஓர் இலக்கணம். இவன் பேசுவதில்லை. எதையும் கேட்பதில்லை. வெயிலென்றும் பசியென்றும் முறையிடுவதில்லை. நம்முடைய வீட்டு வாசலுக்கு வருவதில்லை. நாம் எங்கே நிறுத்தினோமோ அங்கேயே நிற்கிறான். இப்படிப்பட்ட உழைப்பாளியை நாம் எவ்வளவு நேசிக்கிறோம்!”

துரையின் மோட்டார் ஓட்டி உட்படச் சகலரும் கைதட்டினார்கள். ஆசாரியின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதை அவர் பொறுத்தார். தோள் கடுத்தது, பொறுத்தார். கூட்டத்தின் ஓரத்தில் தொழுகைக் குல்லாயோடு நின்ற அப்துல் வஹாப் சாயபு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். அதையும் பொறுத்தார். பொறுக்க முடியாதது கண்ணெதிரே அடைகல்லின் மேல் கிடந்தது. கடைசிக் கத்தி ஆறிக்கொண்டு வந்தது. நெருப்பு நிறம் போய் மாதுளை நிறம், அதுவும் கருத்துக்கொண்டிருந்தது. தலைவர் அப்போதுதான் “பண்டைக் காலத்தில்” என்று ஆரம்பித்திருந்தார். பண்டைக் காலத்திலிருந்து இந்தக் காலத்துக்கு அவர் வந்து சேருவதற்குள் கத்தி செத்துவிடும். பழுத்த இரும்பு ஆறுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஆசாரியின் வம்சத்தில் எவனாலும் முடிந்ததில்லை.

கை தானாக இறங்கியது. ‘டிக்.’

சத்தியமாக அமிர்தவள்ளி யோசிக்கவில்லை. ‘டங்!’

பொறி பறந்தது. ஒன்று தலைவரின் தலைப்பாகையில் போய் உட்கார்ந்து புகைந்தது. ‘டிக், டங், டிக், டங்!’ ஆரம்பித்தபின் நிறுத்துவதற்கில்லை. விளிம்பு நேரானதும் ஆசாரி தண்ணீருக்காகத் திரும்பினார்; சட்டி வற்றியிருந்தது. மேடைமேல் துரைக்குத் தெளிக்க வைத்திருந்த வெள்ளிப் பாத்திரம் நிறையப் பன்னீர் இருந்தது. கத்தி அதற்குள் ‘சொய்ங்’ என்று முழுகியது. சந்தி முழுக்க ரோஜாப்பூ மணத்தது. இருவரும் மறுபடி கையை ஓங்கிக்கொண்டு சிலையாக நின்றார்கள்.

கூட்டம் நாற்காலிகளை விட்டு எழுந்தது.

“எந்திரம்!” என்று கத்தினார் தேவசகாயம். பள்ளிக்கூடத்தில் பூகோளமும் பௌதிகமும் அவர்தான் நடத்துவது. “எந்திரச் சிலை! ஜெர்மனியில் சாவி கொடுப்பது போல... நீராவியால்... துரை அவர்களே!”

துரை ஒரு குழந்தையைப் போல் கைகொட்டினார். “தினம் இப்படிச் செய்யுமா?”

“தினந்தோறும்!” என்றார் தலைவர், தலைப்பாகையைத் தட்டி அணைத்தபடி.

“அடுத்த மாசம் என் சம்சாரத்தைக் கூட்டிவர்றேன். அப்புறம் கவர்னரிடத்தில் சொல்றேன். யார் எப்ப வந்தாலும் பார்க்கணும்.”

துரை ஆற்காட்டு மக்கன் பேடா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மோட்டார் ஏறினார். புழுதி அடங்கியதும் சபை மேடையைச் சூழ்ந்தது. சட்டப்படி எத்தனை குற்றங்கள் என்று தலைவர் விரல் மடக்க ஆரம்பித்தார். பிறகு, கவர்னர் என்ற சொல் நினைவுக்கு வந்து விரல்களை விரித்துவிட்டார்.

“வேலாயுதம், உனக்கு என்ன வேண்டும்?”

“என் அடைகல்லு சாமி.”

“அது சிலையின் சொத்தாயிற்றே. சிலைக்கு மட்டுமே உரியது.”

ஆசாரி தலையைச் சொறிந்தார். “அப்ப நான் சிலையாயிட்டா?”

அவசரக் கூட்டம் அங்கேயே நின்றபடி நடந்தது. வேலாயுத ஆசாரி தமக்குத் தாமே சிலையாக இருப்பதைச் சபை ஏகமனதாக ஏற்றது. துரைமார் வந்தால் அசையக்கூடாது. சாவி கொடுத்ததாகக் காரியதரிசி சைகை செய்த பிறகே அடிக்க வேண்டும். மற்ற நேரங்களில் சிலை தன் சொந்த வேலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்துல் வஹாப் சாயபு மேடையருகே வந்து கத்திகளை எடுத்துக்கொண்டார். கடைசிக் கத்தியை மூக்கருகே பிடித்து முகர்ந்து பார்த்தார். “அத்தர் போட்டுக் குடுக்கறியா ஆசாரி? பேரணாம்பட்டுக்காரன்கிட்ட இது கெடைக்காது” என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்கு விரைந்தார்.

இப்போது ஆசாரியின் உலை நடுச்சந்தியில் எரிகிறது. பழைய பட்டறை இருட்டு. இங்கே காற்றும் வெளிச்சமும் ஜாஸ்தி. கடப்பாரையும் கலப்பைக் கொழுவும் தோல்மண்டிக் கத்தியும் மேடையோரம் வரிசையில் கிடக்கின்றன. தலைவர் ராவ் சாகிப் ஆகிவிட்டார். மைத்துனர் அந்தச் சந்தி வழியாக வருவதில்லை. சபை அடுத்ததாக நாவிதர்களைக் கௌரவிக்கப் போவதாகத் தெரிந்த அன்றே, ஊர் நாவிதர் கத்தியும் கல்லும் பையுமாகப் பள்ளிகொண்டா பக்கம் போய்விட்டார்.

பொங்கலுக்கு முன் ஒருநாள், சபை அனுப்பிய வர்ணக்காரன் வாளியும் மட்டையுமாக ஏணியை மேடையில் சாத்தினான்.

“அண்ணே, கண்ணை மூடிக்கோ. வருஷா வருஷம் சிலைக்கு வெண்கலம் பூசணும்னு சொல்லிக்கிறாங்க.”

“எனக்கா?”

“நீதானேண்ணே சிலை?”

ஆசாரி அவனைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், உலையில் பழுத்துக்கொண்டிருந்த இரும்பைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். “முதுகுல ஆரம்பி. முன்னால வராத, பொறி பறக்கும்.”

அமிர்தவள்ளி சம்மட்டியைப் பின்னால் ஒளித்துக்கொண்டு ஒரு எட்டுத் தள்ளி நின்றாள். “எனக்கும் பூசணும்னாங்களா?”

வர்ணக்காரன் யோசித்தான். “இல்லியேம்மா. பொம்பளயப் பத்தி ஒண்ணும் சொல்லல. சபையில உங்களைக் கணக்குலயே வச்சிக்கலபோல.”

“அந்தப் புண்ணியவானுங்க நல்லா இருக்கட்டும்” என்றாள் அமிர்தவள்ளி. சம்மட்டியை எடுத்து ஓங்கிக்கொண்டு, பாதி வெண்கலமாகிவிட்ட புருஷனைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். “உம், தட்டுய்யா. இரும்பு ஆறுது.”